நிழலில் நிற்கும் பாட்டி

அப்பா எடுத்த ஃபிலிம் ஸ்லைடு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அம்மாவின் சட்டைச் சிவப்பு அப்படியே இருக்கிறது. பின்னால் நிழலில் நிற்கும் பாட்டியின் முகம் மட்டும் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.

அந்த முகத்துக்காகத்தான் ஸ்கேனர் தேடுகிறேன்.

விளம்பரமெல்லாம் டிபிஐ பற்றித்தான், அதாவது ஓர் அங்குலத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளிகளைப் பதிவு செய்யும் என்பது பற்றி. 35 எம்எம் ஸ்லைடில் படம் வெறும் 36 × 24 மில்லிமீட்டர். நிஜமான 4000 டிபிஐயில் எடுத்தாலே ஏறக்குறைய 21 மெகாபிக்சல் வந்துவிடும். ஆனால் காகிதம் வைத்து எடுக்கும் தட்டையான ஃபிளாட்பெட் ஸ்கேனரின் பெட்டியில் 6400 என்று போட்டிருந்தாலும், அது உண்மையில் பிடிக்கும் விவரம் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது.

எனக்கு டிமேக்ஸ்தான் முக்கியம். ஸ்லைடின் அடர்ந்த இருட்டுக்குள் ஸ்கேனரால் எவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்பதன் அளவு அது. அது குறைந்தால் பாட்டி வெறும் கறுப்பாகிவிடுவார்.

அப்புறம் தூசி. அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் வசதி எக்டாக்ரோம் என்ற ஸ்லைடு ஃபிலிமில் நன்றாக வேலை செய்யும். கோடாக்ரோம் என்ற இன்னொரு வகையில் தடுமாறும், படத்தின் இருண்ட பகுதிகளே அந்தக் கதிரை ஓரளவு தடுப்பதால் அவற்றையும் தூசி என்று எடுத்துக்கொள்ளும். அதற்குக் காற்று ஊதும் பம்பும் மெல்லிய பிரஷும்தான்.

1935-இல் வந்து 2009-இல் உற்பத்தி நின்றுபோன ஃபிலிம் கோடாக்ரோம். இருட்டில் பத்திரமாக வைத்தால் அதன் நிறம் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத்தான் இப்போது அம்மா ஒருவரே இருக்கிறார்.

பாட்டி நிற்கும் அந்த இருட்டுக்காக, ஸ்லைடுக்கென்றே உள்ள தனி ஃபிலிம் ஸ்கேனர் என்று முடிவு செய்துவிட்டேன். ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும், சரி. பக்கத்தில் அம்மாவை உட்காரவைத்துப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வேன்.