கிராஞ்சியில் ஒரு பெயரைத் தேடிப் போகிறவர்களுக்கு

"தாத்தாவோட தம்பி பட்டாளத்துல சேர்ந்து மலாயாவுக்குப் போனவர், திரும்பி வரல" என்று சொல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்படி ஒருவரைத் தேடி சிங்கப்பூர் போகிறவர்கள் கிராஞ்சி போர்க் கல்லறைக்குத்தான் போக வேண்டும். ஆனால் பலர் வெள்ளைக் கற்களின் நடுவே வெயிலில் சுற்றிவிட்டு, "அவர் இங்கே இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம். பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், கல்லில் மட்டும் இருக்காது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர்கள் தொடங்கிய சிறிய இடுகாடு இது. 1946ல் சாங்கி, புவன விஸ்தா முகாம்களின் கல்லறைகளையும் இங்கே மாற்றினார்கள். இப்போது 4,400க்கும் மேற்பட்டோர் இங்கே கிடக்கிறார்கள். அவர்களில் 850 பேருக்கு மேல் யாரென்று தெரியாது. கற்களில் படைச் சின்னம், பெயர், இறந்த நாள், குடும்பம் சொல்லியிருந்தால் வயதும் இருக்கும். பத்தொன்பது, இருபது என்று வாசித்துக்கொண்டே நடப்பது எளிதல்ல.

இந்து, சீக்கிய வீரர்களை அவரவர் மத வழக்கப்படி எரித்தார்கள். அதனால் அவர்களுக்குத் தனிக் கல் இல்லை. குன்றின் உச்சியில் விமானச் சிறகு போன்ற கூரையுடன் நிற்கும் பெரிய நினைவகத்தைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போங்கள். அங்கேதான் தகனம் செய்யப்பட்டோரின் நினைவிடம். ஏறத்தாழ 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர். பெரிய நினைவகத்தில் உள்ள 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உடலோ கல்லறையோ கிடைக்காதவர்களுடையவை. அதன் மேற்கு ஓரத்தில் இன்னும் ஒன்று உண்டு: ஊர்ப் பொது இடுகாடுகளில் புதைக்கப்பட்டு, மத காரணங்களால் தோண்டி மாற்ற முடியாமல் போன 250க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். இதையும் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். இந்தக் கல்லறையைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் (CWGC) இணையதளத்தில் பெயரைத் தேடலாம், கட்டணம் இல்லை. சிக்கல் எழுத்துக்கூட்டலில்தான். முத்துசாமி என்ற பெயரை அன்றைய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். நாலைந்து விதமாக அடித்துப் பாருங்கள். நம்மவர்களில் பலருக்கு ஒரே பெயர்தான் பதிவாகியிருக்கும், அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இடுங்கள். ஊரைப் பழைய ஆங்கிலப் பெயரில் தேட வேண்டும்: தஞ்சாவூர் என்றால் டாஞ்சோர் (Tanjore), திருநெல்வேலி என்றால் டின்னவெல்லி (Tinnevelly). ஒரே பெயரில் பலர் வந்தால் தகப்பனார் பெயரும் ஊரும் கைகொடுக்கும். பழைய ஓய்வூதியத் தாளிலோ பதக்கத்தின் விளிம்பிலோ படை எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கிடைத்ததும் நினைவிடத்தின் பெயர், பத்தி எண் (Column), ரெஜிமெண்ட் என்ற படைப்பிரிவு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகவும், அதற்குள் பதவி வாரியாகவும், பிறகுதான் அகரவரிசையிலும் வரும். ரெஜிமெண்ட் தெரியாமல் போனால் அரை நாள் போய்விடும். பலருக்கு இறந்த நாளே தெரியாது. காணாமல் போன அல்லது சிறைப்பட்ட நாளைத்தான் போட்டிருப்பார்கள். வீட்டில் திதி கொடுக்கும் நாளோடு அது பொருந்தாவிட்டால் பதறாதீர்கள்.

கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் சாலை வழியே நடந்தே போகலாம். குன்றில் நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் வேண்டும். காலையிலேயே போங்கள். உச்சி வெயிலில் வெள்ளைக் கல் கண்ணைக் கூசும், எழுத்து படத்தில் விழாது. சாய்ந்த வெளிச்சத்தில் வெட்டெழுத்து நிழலோடு தெளியும். தெரியவில்லையே என்று சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கக் கூடாது, கல் கெடும். பெயரைத் தனியாக ஒரு படம், பத்தி எண்ணும் ரெஜிமெண்டும் தெரிய இன்னொரு படம் எடுத்துவைத்தால், அடுத்து வரும் உறவினர் நேராக அங்கே போய் நிற்கலாம்.