இடது கண்

மார்ச் 4, செவ்வாய்
மூன்று வாரமாக ஹெர்பிஸ் என்று விட்ட மருந்தெல்லாம் வீண். இடையில் ஸ்டீராய்டு சொட்டு வேறு. இன்று ஸ்லிட் லேம்ப் என்கிற கண் நுண்ணோக்கியில் பார்த்தால் கருவிழி நரம்புகளை ஒட்டி வெள்ளைக் கோடுகள். இந்தக் கோடு தெரிந்தால் முதல் சந்தேகம் அகந்தமீபா மேல்தான், தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் ஒற்றைச் செல் உயிரி. புண் கடுகளவு, வலியோ உயிர் போகிறது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிற கண்ணில் இந்தப் பொருத்தமின்மை ஒன்றே போதும், அப்போதே சந்தேகப்பட்டிருக்க.

மார்ச் 5
புண்ணிலிருந்து சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று. சத்தில்லாத அகர் கூழ்த் தட்டு, அதன் மேல் ஈ.கோலை பாக்டீரியா பூச்சு. அமீபா அதைத் தின்றுகொண்டே நகரும், போன தடம் தட்டில் விழும். லென்ஸ் டப்பாவையும் அனுப்பியாயிற்று. நல்லவேளை, குப்பைக்குப் போகவில்லை.

மார்ச் 6, விடியற்காலை 3 மணி
முதல் 48 மணி நேரம் மணிக்கொரு தடவை, இரவும் சேர்த்து. அமீபாவைக் கொல்லும் சொட்டு மருந்துகள் இரண்டு: பி.எச்.எம்.பி. 0.02 சதவீதம், ஐந்து நிமிடம் கழித்து குளோர்ஹெக்ஸிடின், அதுவும் 0.02. இடைவெளி விடாவிட்டால் முதல் மருந்தை இரண்டாவது அடித்துக்கொண்டு போய்விடும். கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு, பிறகு மூக்கோர மூலையை ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான்.

மார்ச் 7
தூக்கமில்லை.

மார்ச் 9
டப்பா. திரும்பத் திரும்ப அந்த டப்பாதான். காலையில் லென்ஸ் ஊறிய சொல்யூஷனைக் கொட்டி, குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு, ஈரத்தோடு மூடி. அந்த ஈரத்தில் வழவழவென்று படியும் பாக்டீரியாதான் அமீபாவுக்குச் சோறு. குளோரின் போட்ட தண்ணீர் என்று சமாதானம் சொல்ல முடியாது. அமீபா கூடு கட்டி உறங்கும் நிலைதான் சிஸ்ட், அதற்கு இரட்டைச் சுவர். ஆர்.ஓ. தண்ணீரும் கிருமி நீக்கியதல்ல. டப்பாவைப் புது சொல்யூஷனால்தான் தேய்த்துக் கழுவ வேண்டும், டிஷ்யூவில் துடைத்துத் திறந்தபடி கவிழ்த்து வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கொரு டப்பா. பழைய சொல்யூஷன் மேலேயே புதிதை ஊற்றி நிரப்புகிறார்களே, அதற்கு ஊற்றாமலே இருக்கலாம்.

மார்ச் 11
தட்டில் தடம். டப்பாத் தட்டிலும்.

மார்ச் 15
இப்போது பகலில் மட்டும் மணிக்கொரு தடவை. சிவப்பு குறையவில்லை. அமீபாவா, மருந்தின் காரமா? இந்த மருந்துகள் கருவிழியின் மேல்தோலையும் அரிக்கும். குறைத்தால் சிஸ்ட் விழித்துக்கொள்ளும், கூட்டினால் தோல் ஆறாது. ஆறு மாதம் இப்படியே ஓடலாம்.

மார்ச் 18
லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணில் 2006-இல் பூஞ்சைத் தொற்று, 2007-இல் அகந்தமீபா. இரண்டு தடவையும் சந்தையிலிருந்து ஒரு சொல்யூஷனைத் திரும்பப் பெற்றார்கள். சொல்யூஷனைத் திரும்பப் பெறலாம். குழாயை? நம் ஊரில் இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸே போடாதவர்கள்: சேறு, தூசி, குளத்துத் தண்ணீர். அதனால் லென்ஸ் டப்பாவைப் பற்றி முதலில் யாரும் கேட்பதில்லை.

மார்ச் 21
கருவிழி நடுவில் மங்கலாக ஒரு வளையம். நேற்று இல்லை.

மார்ச் 22
வலி குறைவு. வளையம் அப்படியே. ஃபிரிட்ஜில் இரண்டாவது பாட்டில், திறந்த தேதி எழுதவில்லை