நான்கு படிப்பு மாணவர்களை ஒரே வார்டில் சேர்த்த அனுபவம்

மருத்துவம், நர்சிங், பார்ம்.டி. என்ற மருந்தியல் படிப்பு, பிசியோதெரபி ஆகிய நான்கும் ஒரே வளாகத்தில் நடக்கும் இடத்தில் நான் நர்சிங் ஆசிரியையாக இருக்கிறேன். இம்மாணவர்கள் சேர்ந்து பயில வேண்டும் என்பதில் எங்களில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. உலக சுகாதார நிறுவனம் இதற்காக 2010-இல் வெளியிட்ட அறிக்கையைக் கூட்டந்தோறும் எடுத்துச் சொல்வார்கள். எங்களை அலைக்கழித்தவை கால அட்டவணையும் வருகைப் பதிவேடும்தான்.

எம்.பி.பி.எஸ். ஆண்டு முறையில் நடக்கிறது, பி.எஸ்சி. நர்சிங் செமஸ்டர் முறைக்கு மாறிவிட்டது. ஒரு பிரிவுக்குத் தேர்வு என்றால் மற்றொன்றுக்குப் போஸ்டிங், அதாவது வார்டில் பயிற்சி. எல்லா முதல்வர் அறைகளுக்கும் ஏறி இறங்கி ஒரு சனிக்கிழமைப் பிற்பகலை வாங்கிய பிறகு, அலுவலகக் கண்காணிப்பாளர் கோப்பைத் திருப்பிவிட்டார். "இந்த நேரத்தை எந்தப் பாடத்தில் ஏற்றுவது மேடம்? பதிவேட்டில் இதற்குத் தலைப்பே இல்லையே" என்றார். ஒவ்வொரு படிப்பையும் நெறிப்படுத்தும் கவுன்சில் தன் மணிநேரத்துக்குத் தனியே கணக்குக் கேட்கும் என்பதால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு வழியும் சொல்லாமல் கோப்பை வாரக்கணக்கில் மேசையிலேயே கிடக்கவிட்டதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வீணாயிற்று. சுற்றறிக்கை பிசியோதெரபி பிரிவுக்குப் போய்ச் சேரவே இல்லை. வந்தவர்களில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் முன்வரிசைகளை நிரப்ப, எங்கள் மாணவியர் பின்னால் அமர்ந்து, கூட்டுப்பணியின் சிறப்பைப் பற்றிய நீண்ட உரையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிரிவு மாணவர் இன்னொரு பிரிவு மாணவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கலைந்தனர். சேர்ந்து பணியாற்றுவதைப் பற்றி அரங்கில் விரிவுரை வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள்.

வழி வார்டிலேயே இருந்தது. 2019 முதல் நடைமுறையில் உள்ள எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறிமுறை, நோயாளியிடம் பேசும் முறை ஆகியவற்றுக்கென 'ஏட்காம்' என்ற பகுதி உண்டு. எங்கள் மாணவியருக்கு வார்டு போஸ்டிங், பார்ம்.டி. மாணவர்களுக்கு வார்டு ரவுண்ட்ஸ், பிசியோதெரபி மாணவர்களுக்கு அவர்களுடைய போஸ்டிங். புதிதாக ஒரு மணிநேரத்தைத் தேடாமல், ஏற்கெனவே உள்ள இந்த மணிநேரங்களை ஒரே வார்டில் ஒரே வேளையில் வருமாறு அமைத்து, அவரவர் பதிவேட்டில் அவரவர் ஆசிரியரே கையெழுத்திட ஏற்பாடு செய்தோம். கோப்பு மறுநாளே நகர்ந்தது.

பிரிவுக்கு ஒருவராக நால்வர் கொண்ட குழு. வேலை, மறுநாள் வீடு திரும்பவிருக்கும் ஒரு நோயாளிக்கு டிஸ்சார்ஜ் அறிவுரை எழுதுவது. சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்து சேர்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு, எம்.பி.பி.எஸ். மாணவர் 'இன்சுலின் காலை 20 யூனிட்' என்று எழுதி முடித்துவிட்டார். "எந்த சிரிஞ்சில் போடச் சொல்வது?" என்று எங்கள் மாணவி கேட்டாள். பார்ம்.டி. மாணவர் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கான சிவப்பு மூடி சிரிஞ்சையும் 100 யூனிட் உள்ள மருந்துக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சையும் கொண்டுவந்து அருகருகே வைத்துக் காட்டினார். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 50 யூனிட் ஏறி, தாழ்சர்க்கரையில் மயங்கி விழ நேரும். எழுதியவர் தாளை வாங்கித் தாமே திருத்தினார். பிறகு பிசியோதெரபி மாணவி, புண்ணில் பாரம் படாமல் இந்த அம்மா எப்படி நடப்பார், வீட்டில் மாடிப்படி உண்டா என்று விசாரித்தாள். படி உண்டு என்பது அதுவரை எந்தக் குறிப்பிலும் இல்லை. இவ்வளவும் அரை மணிநேரத்துக்குள் நடந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

தொடங்குவோருக்குச் சில வார்த்தைகள். சுற்றறிக்கையில் எல்லா முதல்வர்களின் கையெழுத்தும் இருக்கட்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் அந்தப் பிரிவு வராது. மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவருடன் முதலாண்டு நர்சிங் மாணவியைச் சேர்த்தால் அவள் வாய் திறக்கமாட்டாள். வார்டு அனுபவம் ஒத்தவர்களையே சேர்க்க வேண்டும். முடிவில் நடக்கும் கலந்துரையாடலை மருத்துவப் பேராசிரியரே ஒவ்வொரு முறையும் நடத்தாமல், ஆசிரியர்கள் முறை வைத்து நடத்துவது மிக அவசியம். இதற்கு அகமதிப்பீட்டில் மதிப்பெண் தர எங்கள் பிரிவுகள் எவையும் இன்னும் இசையவில்லை. அடுத்த குழுவுக்கான கோப்பில் அதையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.