ஆடி மாதத்து லீக்

ஜூலை 28, 2024, ஞாயிறு

நாங்கள் போனில் ஆடும் விளையாட்டில் அடுத்த மாத லீக்குக்கு (கிளான்கள் மோதும் தொடர் போட்டி) யார் யார் வருகிறீர்கள் என்று கிளானில், அதாவது எங்கள் ஆட்டக் குழுவில், எழுதிப் போட்டேன். பாதிப் பேர் பதில் சொன்னார்கள். மீதிப் பேர் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிட்டால் கை அலம்பப் போகிறவர்களும் சிலர் உண்டு, கடைசி வரிசையில் வந்து உட்காருகிறவர்களும் உண்டு. பட்டியலில் குறைந்தது பதினைந்து பேர் இருந்தால்தான் பதிவு செய்ய முடியும். எங்களிடம் முப்பத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள், அதில் விளையாட்டைத் திறந்தாவது பார்ப்பவர்கள் இருபத்திரண்டு பேர்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: விளையாட்டு கிளாஷ் ஆஃப் கிளான்ஸ். ஆளுக்கொரு ஊரைக் கட்டிக் காத்து, படை திரட்டி அடுத்தவர் ஊரைத் தாக்க வேண்டும். ஹெல்சிங்கியில் இருக்கும் சூப்பர்செல் நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. இந்தக் கிளானைத் தொடங்கியவன் என் தம்பி. பெங்களூருவுக்கு வேலைக்குப் போனதும் லீடர் பதவியை என் தலையில் கட்டிவிட்டு அவன் நழுவிவிட்டான். நான் பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்களும் குறைவு. ஆகவே இந்த மாதம் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம்.

என் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கிளான் ஆட்களின் பெயர்களும் அவர்களுக்கு எப்போது ஓய்வு என்பதும் இருக்கின்றன. யாருடைய டவுன் ஹால் (ஊரின் தலைமைக் கட்டடம்) எத்தனையாவது நிலை என்பதை விளையாட்டே காட்டிவிடும். யாருக்கு எந்த வாரம் இரவு ஷிப்டு என்பதை நாம்தான் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜூலை 30, செவ்வாய்

மேட்டூர் அணை 120 அடியை எட்டிவிட்டது என்று மாலைச் செய்தியில் சொன்னார்கள். ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை, பரிசலுக்கும் தடை. எங்கள் கிளானில் பரிசல் ஓட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். வழக்கமாக மாதத்தில் பாதி நாள் அவரைப் பிடிக்கவே முடியாது. சுற்றுலாக் கூட்டம் இருந்தால் ஆற்றிலேயே பொழுது போய்விடும். இன்று மதியம் அவராகவே எழுதினார்: "அக்கா, தண்ணீர் இறங்கும் வரை வேலை இல்லை. என்னை ஏழு நாளும் போடுங்கள்."

வருமானம் போன மனிதரிடம் "நல்லதாகப் போயிற்று" என்று சொல்ல முடியுமா? "சரி தம்பி" என்று மட்டும் எழுதினேன். நோட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டு, எல்லா நாளும் என்று குறித்துக்கொண்டேன்.

இரவு அவருடன் நட்புச் சவால் ஆடினோம். ஒருவர் ஊரை இன்னொருவர் தாக்கிப் பழகலாம். படையும் குறையாது, எதுவும் இழக்கவும் மாட்டோம். அவர் எல்லோரையும் போல டிராகன் படைதான் வைத்திருக்கிறார். ஆனால் மின்னல் மந்திரத்தை ஊரெங்கும் இறைக்கிறார். பறக்கும் படைகளைச் சுடும் ஏர் டிபென்ஸ் இரண்டையாவது முதலில் மின்னலால் முடித்துவிட்டு, பிறகு அந்தப் பக்கமாக டிராகனை விடுங்கள் என்றேன். மூன்றாவது முறை என் டவுன் ஹாலே போய்விட்டது.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று மதியம் ஒன்றரைக்குப் பதிவு திறந்தது. இந்த விளையாட்டின் மணிகள் எல்லாம் கிரீன்விச் கணக்கு. அங்கே முழு மணியாக இருப்பது நமக்கு எப்போதும் அரை மணியில் வந்து நிற்கும்.

ஒன்றரை மணிக்கே கோ-லீடர் தம்பி (லீடருக்கு அடுத்த பதவி) பொத்தானை அழுத்தச் சொல்லி அவசரப்படுத்தினார். அவர் கிருஷ்ணகிரியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். நல்ல ஆட்டக்காரர், எங்களில் மிகச் சிறந்தவர். நான் மறுத்துவிட்டேன். நாளை இரவு ஒன்பது மணிக்கு அழுத்துகிறேன் என்றேன்.

காரணம் இதுதான். அழுத்திய பிறகு ஒரு நாள் ஆயத்தம், அதன்பின் நாளுக்கு ஒரு போராக ஏழு போர். எந்த மணிக்குத் தொடங்குகிறோமோ ஏறக்குறைய அதே மணிக்குத்தான் ஒவ்வொரு நாளும் போர் முடியும். மதியம் ஒன்றரைக்குத் தொடங்கினால், இரவு ஷிப்டு முடிந்து தூங்குகிற ஓசூர் அண்ணன் கண் விழிப்பதற்குள் அன்றைய போர் முடிந்துபோகும். இரவு ஒன்பது என்றால், பகல் ஷிப்டுக்காரர் வீட்டுக்கு வந்து அடிக்கலாம், இரவு ஷிப்டுக்காரர் கிளம்புமுன் அடிக்கலாம். இன்றே தொடங்கினால் முதல் போர் ஆடிப்பெருக்கு அன்று வந்து விழும். அன்றைக்கு யார் போனைத் தொடுவார்கள்? ஒரு நாள் தள்ளினால் பதினெட்டாம் பெருக்கு ஆயத்த நாளாகிவிடும், தாக்க வேண்டிய வேலையே இல்லை.

"ஆயத்தத்திலும் கோட்டைக்குப் படை நிரப்ப வேண்டுமே அக்கா" என்றார். ஒவ்வொருவர் ஊரிலும் காவலுக்கு மற்றவர்கள் படை கொடுத்து வைக்கும் கோட்டை அது. நிரப்ப நீங்களும் நானும் போதும் என்றேன். பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 3, சனி, ஆடி 18

ஒன்றும் நடக்கவில்லை. நடக்கக் கூடாது என்றுதான் திட்டமிட்டதும். ஆற்றில் இறங்கக் கூடாது என்பதால் பலர் கரையோடு கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்களாம். ஒகேனக்கல்லுக்கு வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் வந்ததைப் படம் பிடித்துப் பரிசல் தம்பி அனுப்பினார். பாறை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

எதிரியின் பதினைந்து ஊர்களையும் பார்த்தேன். ஐந்து ஊர்கள் பலமானவை. மற்றவை எங்களைப் போலத்தான்: சுவரை ஏற்றாமல் டவுன் ஹாலை மட்டும் அவசரமாக ஏற்றிவிட்ட ஊர்கள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நட்சத்திரக் கணக்கில் 33-க்கு 31. முதல் போர் எங்களுக்கு.

ஆடி அமாவாசை என்பதால் காலையில் பாதிப் பேரைக் காணவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல்தான் களம் கட்டியது. லீக்கில் ஆளுக்கு ஒரே ஒரு தாக்குதல். சாதாரணப் போரைப் போல இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பாதி ஊரை இடித்தால் ஒரு நட்சத்திரம், டவுன் ஹாலை இடித்தால் ஒன்று, முழுவதையும் தரைமட்டமாக்கினால் மூன்றாவது. போரை வென்றால் கூடுதலாகப் பத்து நட்சத்திரம் கணக்கில் சேரும். எட்டுக் கிளான்களின் வரிசையில் ஏற்றம் இறக்கம் எல்லாம் அந்த மொத்தத்தை வைத்துத்தான். ஒரே ஒரு நட்சத்திரம் எடுத்தாலும் பரவாயில்லை, அடிக்காமல் விடாதீர்கள் என்று நான் தொண்டை வற்றச் சொல்வது இதற்காகத்தான்.

பரிசல் தம்பி எதிரியின் நான்காம் ஊரை முழுவதுமாக இடித்தார். அவர் மின்னலை எங்கே இறக்கினார் என்பதை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே செய்திருக்கிறார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

முதல் போரிலேயே மாங்கூழ் ஆலையில் வேலை செய்யும் அண்ணன் அடிக்காமல் விட்டிருந்தார். இரண்டாவதிலும் விட்டுவிட்டார். நேற்றிரவு ஒன்பது மணிக்கு அந்தப் போர் முடிந்தது, இரண்டு நட்சத்திரத்தில் தோல்வி. ஒன்பது ஐந்துக்குக் கோ-லீடர் தம்பி அவரைக் கிளானை விட்டு நீக்கிவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. "இருமுறை தவறினால் வெளியே" என்று அரட்டையில் எழுதியும் வைத்தார்.

காலையில் அந்த அண்ணனுக்கு போன் செய்தேன். சீசன் முடிகிற நேரம். பெங்களூரா மாங்காய் கடைசி லாரிகளாக வந்துகொண்டிருக்கிறது, இரண்டு ஆள் வேலையை ஒருவர் பார்க்கிறார். ஆலைக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது. தான் நீக்கப்பட்டது அவருக்குத் தெரியவே தெரியாது. "அப்படியா?" என்று சிரித்தார். "என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன் தங்கச்சி, சொல்வதற்கும் போன் வேண்டுமே."

அவருக்கு மறுபடி அழைப்பு அனுப்பினேன். தம்பியைக் கோ-லீடரிலிருந்து எல்டராக இறக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். இறக்கினால் ஒரு மணி நேரத்தில் வேறு கிளானுக்குப் போய்விடுவார், அவரை வாங்கிக்கொள்ள ஆயிரம் கிளான்கள் இருக்கின்றன. இறக்காவிட்டால் அடுத்த முறை என்னையே நீக்கப் பார்ப்பார் (லீடரை நீக்க முடியாது என்பது வேறு விஷயம்). கடைசியில் அவருக்கும் போன் செய்தேன். அவர் தொழிலில் நாள் முழுவதும் கையில் போன்தான். போனைத் தொட முடியாத தொழில்களும் உண்டு என்பது அவருக்கு உறைப்பதே இல்லை. கெட்ட மனம் அல்ல. "நீக்க வேண்டுமானால் என்னிடம் கேட்டுவிட்டு நீக்குங்கள். போரில் ஒருவரைச் சேர்க்கும் முன் அவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். "இப்படியே போனால் ஏற்றமே கிடைக்காது அக்கா" என்றார். கிடைக்காமல் போகட்டும்.

பரிசு கொடுக்கும் பெரிய போட்டிகளில் ஆடும் கிளான்களில் அவர் சொல்வதுதான் முறை. அங்கே ஆட வருகிறவர்கள் அந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதித்து வருகிறார்கள். இங்கே ஒருவரும் அப்படிச் சம்மதித்து வரவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

பட்டுப்புழு வளர்க்கும் அக்கா (மாரண்டஹள்ளிப் பக்கம்) தன்னை விடுவிக்கச் சொன்னார். புழு நான்காம் தோலுரிப்பு முடிந்து ஐந்தாம் பருவத்தில் இருக்கிறது. அதன் வாழ்நாள் தீனியில் பெரும்பகுதியைத் தின்பது இந்த ஒரு வாரத்தில்தான். மல்பெரி இலையைப் போட்டுவிட்டுத் திரும்பினால் தட்டு காலி. சந்திரிகையில் (புழு கூடு கட்டும் தட்டு) ஏற்றி, கூடு கட்டி, தர்மபுரி அங்காடிக்குக் கொண்டு போகும் வரை அவருக்கு வேறு உலகம் கிடையாது.

அவரை எடுப்பதில் எனக்கு ஒரு கணக்கு இடித்தது. லீக் முடிவில் பரிசாகத் தரும் பதக்கம் முழுவதும் கிடைக்க ஒருவர் லீக் முழுவதிலும் எட்டு நட்சத்திரம் எடுத்தால் போதும். அவர் ஏழில் நிற்கிறார். இன்னும் ஒரே ஒரு தாக்குதல். ஆகவே இன்று இரவு தொடங்கும் போரில் அவர் பெயரை வைத்தேன், எதிரியின் கடைசி ஊரைக் காட்டி, எப்போது கை ஒழிகிறதோ அப்போது இதை மட்டும் அடியுங்கள் என்றேன். பட்டியலில் சும்மா உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவனுக்கு அந்த இடம் போயிருக்கலாம்தான். ஆனால் அவன் ஒன்பது எடுத்துவிட்டான். எட்டைத் தாண்டியவர்களை மாற்றி, எட்டாதவர்களை உள்ளே இழுப்பது என்பதுதான் இங்கே நான் வைத்திருக்கும் ஒரே சட்டம். பலமான பதினைந்து பேரையே ஏழு நாளும் இறக்கினால் இன்னும் இரண்டு போர் வென்றிருப்போம் என்று கோ-லீடர் தம்பி சொல்கிறார். உண்மைதான். மீதி ஏழு பேர் அடுத்த மாதம் பெயர் கொடுக்க மாட்டார்கள், அதுவும் உண்மை.

அம்மா கேட்டார்: "யாரோடு இவ்வளவு நேரம் பஞ்சாயத்து?" புழுவுக்கும் மாங்காய்க்கும் நடுவில் என்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

முடிந்தது. எட்டில் நான்காம் இடம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பட்டுப்புழு அக்கா நேற்று அதிகாலையில், இலை போட எழுந்தவர், இரண்டு நட்சத்திரம் எடுத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சிலருக்கு மட்டும் லீடர் கூடுதலாகக் கொடுக்கும் போனஸ் பதக்கம் பிரிக்கும் நாள். இதைப் பிரிப்பதைவிட ஏழு போர் நடத்துவது சுலபம். வென்ற போருக்கு ஒன்று வீதம் எண்ணிக்கை கூடும், ஆனால் எல்லோருக்கும் ஒருபோதும் போதாது. நட்சத்திரக் கணக்குப்படி கொடுத்தால் மாதாமாதம் அதே நான்கு பேருக்குப் போகும். முறை வைத்துக் கொடுத்தால் நன்றாக ஆடியவருக்கு மனம் கசக்கும். நான் இரண்டையும் கலக்கிறேன்: பாதி அதிக நட்சத்திரம் எடுத்தவர்களுக்கு, பாதி போன மாதம் வாங்காதவர்களுக்கு.

பரிசல் தம்பி கூச்சப்படாமல் கேட்டார்: "ஹாமர் வாங்க நூற்றிருபது பதக்கம் அக்கா, எனக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைகிறது." அந்தச் சுத்தியல் ஒன்று இருந்தால் நாள்கணக்கில் நடக்கும் கட்டட வேலை அந்த நொடியே முடிந்துவிடும். அவருக்குக் கொடுத்தேன். கேட்காமலே இருந்திருந்தாலும் அவருக்குத்தான். கோ-லீடர் தம்பிக்கும் கொடுத்தேன், அதிக நட்சத்திரம் அவருடையது. அவர் நன்றி சொல்லவில்லை, ஆனால் கிளானை விட்டும் போகவில்லை.

ஆகஸ்ட் 17, சனி, ஆவணி 1

கடையில் துணி குவிய ஆரம்பித்துவிட்டது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆரி வேலை போட்ட ஜாக்கெட் வேண்டும் என்று ஒரே குடும்பத்தில் அக்கா தங்கை மூவரும் வந்தார்கள். இந்த மாதம் என்னால் போன் பக்கம் தலைவைக்க முடியாது. லீடர் பதவியைக் கிருஷ்ணகிரித் தம்பிக்கு மாற்றிவிட்டேன், நான் கோ-லீடர். அளவு நோட்டின் அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "இது எதற்கு அக்கா?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். போரில் சேர விருப்பமில்லை என்று என் பெயருக்குச் சிவப்பு வைத்துவிட்டுத் தையல் மெஷின் முன் உட்கார்ந்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

நேற்று ஒரு சாதாரணப் போர் தொடங்கியிருக்கிறார். சாதாரணப் போரில் முப்பது பேர் வரை ஆள் கணக்கு ஐந்தைந்தாகத்தான் ஏறும்: ஐந்து, பத்து, பதினைந்து. பச்சை வைத்திருந்தவர்கள் பதினான்கு பேர். பதினைந்தாவதாக என்னைச் சேர்த்துவிட்டார், சிவப்பைப் பார்த்தும்.

இன்று இரவு போன் அடித்தது. "அக்கா, உங்களுக்கு இரண்டு தாக்குதலும் பாக்கி இருக்கிறதே?"

"புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறேன் தம்பி. இன்னும் நாலு இருக்கிறது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நீக்கப் போகிறாரோ என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"போர் நாளை இரவு வரை இருக்கிறது. எத்தனை மணிக்குக் கடை சாத்துவீர்கள்?" என்றார்.

பத்தரை என்றேன். ஒன்பதாம் ஊரை எனக்கு வைத்திருப்பதாகச் சொன்னார். சுவர் மட்டமாம், டிராகனே போதுமாம்.