இலையுதிர்காலத்துப் பேராறு: ஒரு தூண்டில் நாட்குறிப்பு

செப்டம்பர் 24

இன்று காலை இந்த ஐரோப்பிய ஆற்று நீரின் வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸ். தூண்டில்காரரின் பையில் ரீலுக்கும் முள்ளுக்கும் அடுத்தபடியாக இருக்க வேண்டியது ஒரு வெப்பமானி என்பது என் உறுதியான எண்ணம். மீனின் உடல் வெப்பம் அது வாழும் நீரின் வெப்பத்தை ஒட்டியே நிற்பதால், அது எவ்வளவு தின்னும், தின்றது எவ்வளவு நேரத்தில் செரிக்கும், இரையைத் துரத்தி எவ்வளவு தூரம் வரும் என்பவையெல்லாம் பெருமளவுக்கு அந்த ஓர் எண்ணைப் பொறுத்தே அமைகின்றன. காற்றின் குளிரை வைத்து ஆற்றைக் கணிக்கக் கூடாது. அத்தனை பெரிய நீர்த்திரள் ஓரிரவுக் குளிருக்கு அசைந்து கொடுக்காது.

கரையோரத்தில் நீர்ச்செடிகள் இன்னும் பச்சையாகவே இருக்கின்றன. அவற்றின் விளிம்பில் குஞ்சு மீன்கள் திடீரென நீருக்கு மேலே துள்ளிச் சிதறினால், கீழே பெர்ச் என்னும் வேட்டை மீன்களின் கூட்டம் வேட்டையில் இறங்கிவிட்டது என்று பொருள். சுழலும் சிறு தகட்டு இரையை அந்தச் சிதறலுக்குச் சற்று அப்பால் எறிந்து அதன் நடுவே இழுத்து வந்தால் போதும்; தேட வேண்டிய அவசியமே இல்லாத நாட்கள் இவை.

அக்டோபர் 3

13 டிகிரி. செடிகள் பழுத்துச் சாயத் தொடங்கிவிட்டன. குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் என்றால், 10 டிகிரியில் 11 மில்லிகிராமுக்கு மேல் கரையும். அப்படியிருந்தும் செடிப்புதர்களை விட்டு மீன்கள் வெளியேறுவதற்குக் காரணம், மறைவு குறைவதோடு, அழுகும் இலைதழைகள் அந்த ஒதுக்குப்புற நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடுவதும்தான். குஞ்சுகள் போகும் வழியில் பெர்ச்சும், பெர்ச்சுக்குப் பின்னால் அதைவிடப் பெரியவையும் நகர்கின்றன.

ஏரிகளில் மீன்பிடிப்பவர்கள் இந்தக் காலத்தில் மேல்நீரும் அடிநீரும் இடம் மாறிக் கலப்பதைப் பற்றிப் பேசுவார்கள். ஓடும் ஆற்றில் அந்தக் கணக்கு செல்லாது. நீரோட்டம் ஆண்டு முழுவதும் நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், மேலும் கீழும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே ஆற்று மீன் ஆழத்துக்குப் போவது கதகதப்பைத் தேடி அன்று; ஓட்டத்தோடு போராடும் உழைப்பைக் குறைத்துக்கொள்ளவே போகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே எறிவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

அக்டோபர் 11

முழு மாலையும் ஆற்றுக்குள் நீண்டிருக்கும் ஒரு கற்சுவரின் நுனியில் கழிந்தது. நுனியைத் தாண்டியதும் விரைவான ஓட்டமும் சுவருக்குப் பின்னால் சுற்றி வரும் மந்தமான நீரும் உரசிக்கொள்ளும் கோடு ஒன்று தெரியும். நுரையும் சருகும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் மிதந்து போகும். மந்தமான பக்கத்தில் உழைப்பின்றி நின்றுகொண்டு, விரைவான பக்கம் அடித்துவரும் இரையை எட்டிப் பிடிப்பது ஸாண்டர் என்னும் வேட்டை மீனின் வழக்கம். ஆற்றுப்படுகையின் உராய்வால் அடியில் ஓட்டம் எப்போதும் தணிந்தே இருக்கும் என்பதால், மேலே நீர் சீறிக்கொண்டு போகும் இடத்திலும் ஒரு பாறையின் பின்னே மீன் அமைதியாகக் கிடக்கக்கூடும்.

தலையில் ஈயம் பதித்த முள்ளில் ரப்பர் மீனை மாட்டி, அடி தொடும்வரை விட்டு, கழியின் நுனியால் ஓர் எத்து எத்தி மீண்டும் விழவிடுவதுதான் முறை. ஒவ்வொரு எத்துக்கும் பிறகு அது இரண்டு மூன்று விநாடிகளில் அடியைத் தொட வேண்டும். அதற்கு முன்பே தொட்டால் ஈயம் கூடுதல். தொடவே இல்லையென்றால் ஓட்டம் இரையை இழுத்துக்கொண்டு போகிறது என்று அறிந்து ஈயத்தைக் கூட்ட வேண்டும். ஸாண்டர் பெரும்பாலும் இரை விழும்போதுதான் கவ்வும். அப்போது கையில் ஒரு சிறு தட்டு மட்டுமே தெரியும். சில வேளைகளில் அதுவுமின்றி, விழ வேண்டிய தூண்டில் நரம்பு விழாமல் தளர்ந்து நிற்கும். நீளாத பின்னல் நரம்பை நான் விரும்புவது இதற்காகவே.

இருட்டும் நேரத்தில் ஒன்று மாட்டியது. கைவலையில் நீருக்குள்ளேயே வைத்து, தலைவிளக்கைச் சற்றே திருப்பியபோது அதன் கண்கள் பால்வெள்ளையாய் ஒளிர்ந்தன. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் அதற்கு உண்டு; கலங்கல் நீரும் அந்தி நேரமும் அதற்குச் சாதகமாவது அதனால்தான்.

அக்டோபர் 19

மழை. ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. எறிந்த ஒவ்வொரு தடவையும் முள்ளில் சருகுகள்தான் வந்தன. ஏறும் வெள்ளத்தில் நேரத்தைச் செலவிடுவதைவிட, அது வடிந்து நீர் தெளியத் தொடங்கும் நாட்களுக்குக் காத்திருப்பதே நல்லது.

இந்த இரவுகள் விலாங்குகளுக்கு உரியவை. ஐரோப்பிய ஆறுகளில் பல ஆண்டுகள் வளர்ந்த விலாங்கு, இலையுதிர்காலத்தின் நிலவற்ற இரவுகளில், வெள்ளம் ஏறும்போது கடலை நோக்கிப் புறப்படுகிறது. கண்கள் பெரிதாகி, வயிறு வெள்ளி நிறமடைந்து, இரை எடுப்பதையும் நிறுத்திவிட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து அதன் மேற்குப் பகுதியிலுள்ள சர்காசோ கடல்வரை முட்டையிடச் செல்கிறது. 2008 முதல் இது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இன்னும் புறப்படாத விலாங்கு மண்புழுவைக் கவ்வும் என்பதால், வெள்ள இரவுகளில் அடியில் புழு போடுவதை நான் தவிர்க்கிறேன்.

அக்டோபர் 28

9 டிகிரி. நீர் தெளிந்துவிட்டது. பெரிய கெளுத்திகள் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன. பைக் என்னும் கூர்ப்பல் வேட்டை மீனுக்கோ இதுதான் உச்சகாலம். வசந்தத்தின் தொடக்கத்திலேயே முட்டையிட வேண்டிய பெண் பைக், அந்த முட்டைகளுக்கான சத்தை இப்போதிருந்தே சேர்த்துக்கொள்கிறது. நடு ஓட்டத்தில் நிற்காமல், ஓட்டமற்ற பக்கக் கால்வாய்களிலும் படகு நிறுத்தும் குடாக்களிலும் குளிர்காலத்துக்காக ஒதுங்கும் ரோச், பிரீம் என்னும் இரைமீன் கூட்டங்களைத் தொடர்ந்து அது வருகிறது. நான் முயல்வது அந்த வாசல்களில்தான்.

முள்ளுக்கு முன்னால் எஃகுக் கம்பி இல்லாமல் பைக்கைத் தேடவே கூடாது. பற்கள் நரம்பை அறுத்துவிட்டால், தொண்டையில் முள்ளோடு போகும் மீனுக்கு நாம்தான் பொறுப்பு. செவுள் மூடியின் ஓரத்தில் விரலை நுழைத்துத் தாடையைத் திறந்து, நீண்ட இடுக்கியால் முள்ளை எடுக்கலாம். கைகள் நனைந்திருக்க வேண்டும். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும்.

நவம்பர் 6

சரளைக்கல் பரவிய ஆழமற்ற இடங்களில் இறங்கி நடப்பதை நிறுத்திவிட்டேன். ட்ரவுட்டும் சால்மனும் முட்டையிட்டு மூடிய இடங்கள் சுற்றிலும் உள்ளதைவிட வெளுத்துத் தெரியும். அவற்றின் மேல் ஓர் அடி வைத்தாலும் முட்டைகள் நசுங்கும்.

நவம்பர் 17

5 டிகிரி. மீன்கள் மடுக்களில் அடைந்துவிட்டன. 10 மீட்டருக்கும் கூடுதலான ஆழமுள்ள மடு ஒன்றில் ஸாண்டர்கள் நிறைந்து கிடப்பதை அறிவேன். ஆனாலும் அங்கே இரை போடுவதில்லை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு. அங்கிருந்து தூக்கினால் மீனின் காற்றுப்பையில் உள்ள வாயு இரண்டு மடங்காக விரியும். பைக்கின் காற்றுப்பை உணவுக்குழாயோடு இணைந்திருப்பதால் அது வாயுவை வெளியேற்றிவிடும். ஸாண்டருக்கும் பெர்ச்சுக்கும் அந்த வழி இல்லை. விடுவிக்கும் எண்ணத்தோடு பிடிக்கும் மீனை அப்படித் தூக்கிவிட்டு நீரில் போடுவது விடுவித்தல் ஆகாது.

இனி இரவில் பர்பட் மீனைத் தேடலாம். கடல் காட் மீனின் வரிசையில் முழுக்க நன்னீரிலேயே வாழ்வது இது ஒன்றுதான். தாடைக்குக் கீழே ஒற்றை மீசை. மற்றவை சோர்ந்துபோகும் இந்தக் குளிரில்தான் இது சுறுசுறுப்படைந்து, இருட்டியபின் கற்கள் நிறைந்த கரையோரத்துக்கு ஏறி வந்து மேய்கிறது. இரையை எறிந்து இழுக்க வேண்டியதில்லை. மூன்று மீட்டர் ஆழத்துக்குள், கற்களின் ஓரமாக, அடியோடு கிடத்திவிட்டால் போதும். நாளை மாலை உயிர்காப்பு உடுப்போடும் ஒரு துணையோடும் போகிறேன். இந்த வெப்பநிலையில் தவறி விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சு கட்டுப்பாட்டை இழக்கும் என்பதால் இருட்டில் தனியாகக் கரையோரம் நிற்பதில்லை.