வியாழக்கிழமை ஏழரை மணி

நவம்பர் 3, 2025, திங்கள்

காலைல காபி கூட குடிக்கல, சிவகாசிக்காரி வீடியோ கால்ல வந்துட்டா. காலேஜ் ஹாஸ்டல்ல ஒண்ணா இருந்த நாங்க ஊர் பேரை வச்சுத்தான் கூப்பிட்டுக்குவோம், எழுபது வயசாகியும் அது மாறல. அவ கேந்திரிய வித்யாலயாவுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ, சென்ட்ரல் பென்ஷன், அதனால நவம்பர் வந்தா லைஃப் சர்டிஃபிகேட் டென்ஷன். போன வருஷம் பேங்க்ல உக்காந்து விரலை வச்சு வச்சுப் பாத்து மெஷின் ஒத்துக்கவே இல்லையாம், முப்பது வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கைல ரேகை எங்க இருக்கும். இந்த தடவை போன்லயே முகத்தைக் காட்டிப் பண்ணலாம்னு தேனிக்காரி சொல்லிக் குடுத்தா, ஜீவன் பிரமாண் ஆப் ஒண்ணு, ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப் ஒண்ணு, ரெண்டும் இறக்கி வச்சுக்கிட்டு ஆதார் நம்பர் போட்டு, வெளிச்சம் முகத்துல விழுற மாதிரி நின்னு கண்ணைச் சிமிட்டணும். சிவகாசி சிமிட்டச் சொன்னா சிரிக்கிறா, சிரிக்காதடின்னா கண்ணை மூடிக்கிட்டே நிக்கிறா. கடைசில மெசேஜ் வந்துருச்சு. "நான் உயிரோட இருக்கேன்னு கவர்மெண்டே ஒத்துக்கிச்சு"ன்னு குரூப்ல போட்டா. எண்பது தாண்டினவங்க அக்டோபர்லயே பண்ணிக்கலாமாம், அதுக்கு எங்களுக்கு இன்னும் காலம் இருக்கு. என்னை மாதிரி ஸ்டேட் பென்ஷன்காரங்களுக்கு கணக்கு வேற.

நவம்பர் 13, வியாழன்

இன்னைக்கு பெரிய பஞ்சாயத்து. எங்க வாராந்திர கால் சாயங்காலம் ஆறரை மணிக்குத்தான் எப்பவும். நியூஜெர்சில மக வீட்ல பேத்தியைப் பாத்துக்கிட்டு இருக்கிற விருதுநகர்காரிக்கு அது காலைல ஒம்போது மணி, குழந்தை ஸ்கூலுக்குப் போனப்புறம் நிம்மதியா பேசுவா. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை அங்க கடிகாரத்தைத் திருப்பி வச்சுட்டாங்க, இப்ப நம்ம ஆறரை அவளுக்கு எட்டு மணி, டிபன் பாக்ஸ் ஷூ தலைப்பின்னல்னு பறக்குற நேரம். ஏழரைக்கு மாத்தலாம்னா இங்க ஒருத்திக்கு சீரியல், ஒருத்தி வீட்டுக்காரருக்கு சுடச்சுட தோசை வேணும். கரூர்க்காரி பட்டுனு சொன்னா, "ஒரு நாள் அவரே ஊத்திக்கட்டும்டி." ஏழரைன்னு முடிவாச்சு.

ரீயூனியன் நடத்துறது ஒரு விஷயமே இல்லன்னு எனக்குத் தோணும். பட்டுப்புடவை கட்டிக்கிட்டு ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துட்டுப் போறதுக்கு புருஷன், மகன், மருமக யாரும் தடை சொல்ல மாட்டாங்க, ஆனா வாரத்துல ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு "எனக்கு கால் இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க, அப்பத்தான் தெரியும் நம்ம நேரம் யார் கைல இருக்குன்னு. ஆம்பளைங்க செட்டு டீக்கடையில தினம் உக்காந்தா அதை யாரும் கேக்குறதே இல்ல.

நவம்பர் 20, வியாழன்

ஏழரை கால் நல்லாத்தான் போச்சு. பேச்சு எப்படியோ நாங்க ஒருத்தரை ஒருத்தர் கண்டுபிடிச்ச கதைக்குப் போயிருச்சு. ஆம்பளைங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. அவங்க பேரு காலேஜ் ரெஜிஸ்டர்ல எப்படி இருந்துச்சோ இன்னைக்கும் அப்படியேதான் இருக்கும். எங்களுக்கு கல்யாணமானதும் அப்பா இனிஷியல் போய் வீட்டுக்காரர் இனிஷியல், ஒருத்திக்கு மாமியார் பேரும் அவ பேரும் ஒண்ணுங்கிறதால பேரையே மாத்திட்டாங்க. ஃபேஸ்புக்ல எங்க போய்த் தேடுறது? மதுரை தல்லாகுளத்துல எங்க காலேஜ் ஆபீஸ்ல இருந்த அட்ரஸ் எல்லாம் அப்பா வீட்டு அட்ரஸ், அந்த வீடெல்லாம் வித்தாச்சு. தேனிக்காரிதான் அவ அம்மா பெட்டில இருந்த பழைய கல்யாணப் பத்திரிகையை எல்லாம் எடுத்து, மாப்பிள்ளை ஊரைப் பாத்து, அந்த ஊர் ஆளுங்க மூலமா விசாரிச்சு விசாரிச்சு ஆறு பேரைப் பிடிச்சா. சிபிஐ எல்லாம் பிச்சை வாங்கணும். எங்க செட்டு 24 பேர்ல ரெண்டு பேர் இப்ப உயிரோட இல்ல, நாலு பேர் இன்னும் கிடைக்கல. நாங்க பி.எஸ்சி. விலங்கியல், 1976ல முடிச்சோம். சர்டிஃபிகேட்ல மதுரைப் பல்கலைக்கழகம்னுதான் இருக்கும், காமராசர் பேர் 78லதான் சேந்துச்சு.

டிசம்பர் 13, சனி

அரிட்டாபட்டி போயிட்டு வந்தோம், மதுரைல இருக்கிற நாலு பேரு. மேலூர் பக்கம், தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம், 2022ல அறிவிச்சாங்க. அப்புறம் டங்ஸ்டன் சுரங்கம்னு கிளம்பி ஊரே நடந்து போராடி, இந்த வருஷம் ஜனவரில அந்த ஏலத்தை ரத்து பண்ணினாங்கல்ல, அதே அரிட்டாபட்டிதான். முட்டிவலி சங்கத்துக்கு ஒரே ஒரு விதி: யாரு மெதுவா நடக்குறாங்களோ அவங்க முன்னாடி. நம்ம வயசுல பின்னாடி விட்டுட்டு வந்தா "வாங்க வாங்க நான் வரேன்"னு சொல்லிட்டு அப்படியே உக்காந்துருவாங்க, அடுத்த தடவை வரவே மாட்டாங்க.

மலை ஏறல, குடவரை சிவன் கோயில்ல ஒரு கும்பிடு, அப்புறம் கண்மாய்க்கரையோட நடந்ததுதான். பனங்காடை ரெண்டு, கரிச்சான், மீன்கொத்தி, செம்போத்து, மயில் நிறைய. பாறை மேல வல்லூறு ஒண்ணு சுத்துச்சு, என்ன வல்லூறுன்னு தேனிக்காரிக்கும் எனக்கும் பத்து நிமிஷம் சண்டை, மத்த ரெண்டு பேரும் இட்லியைப் பிரிச்சுட்டாங்க. அம்பது வருஷத்துக்கு முன்னாடி நாங்க படிச்ச விலங்கியல் எல்லாம் அறுக்குறதுதான்: தவளை, கரப்பான், சுறா. கரப்பானோட உமிழ்நீர்ச் சுரப்பியை கிழியாம எடுத்து ஸ்லைடுல பரப்புறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது. உயிரோட இருக்கிறதை நின்னு பாக்க இப்பத்தான் நேரம் வந்திருக்கு.

ஜனவரி 4, 2026, ஞாயிறு

ராமேஸ்வரம் பாசஞ்சர். எக்ஸ்பிரஸ்ல போலாமேன்னு மகன் சொன்னான், எங்களுக்கு என்ன அவசரம். சீனியர் சிட்டிசன் சலுகையை 2020 மார்ச்ல எடுத்தவங்க திருப்பித் தரவே இல்ல, பொம்பளைங்களுக்கு பாதி டிக்கெட்டா இருந்துச்சு, அதைத் திட்டிக்கிட்டே மானாமதுரை வரைக்கும் வந்துட்டோம். கரூர்க்காரி முந்தின நாளே வந்து என் வீட்ல தங்கிட்டா, அவ வீட்டுக்காரர் போய் ஒரு வருஷமாச்சு, இதுதான் முதல் வெளியூர்.

பாம்பன் புது ரயில் பாலம் போன ஏப்ரல்ல திறந்தது. நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தா மேல போய் கப்பலுக்கு வழி விடுமாம், நாங்க போனப்ப கப்பல் ஒண்ணும் வரல. பக்கத்துலயே 1914ல கட்டின பழைய பாலம் நிக்குது. ஸ்டடி டூர் வந்தப்ப அதுல போனதுதான், ரோடு பாலமே அப்ப கிடையாது, அது 88லதான் வந்துச்சு. ஜன்னல் பக்கம் உக்காந்தவங்க எல்லாம் கண்ணை மூடிக்கிட்டோம்.

அந்த டூர்ல படகு பிடிச்சு குருசடைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மண்ணைத் தோண்டி பலனோகிளாசஸ் எடுத்தோம், முதுகெலும்பு உள்ளதுக்கும் இல்லாததுக்கும் நடுவுல வச்சுப் பேசுவாங்களே அந்தப் புழு. கைல எடுத்தா ஆஸ்பத்திரி ஐயோடோஃபார்ம் வாடை, ரெண்டு நாள் போகாது, அன்னைக்கு ஒருத்தி சாப்பாட்டுல கையே வைக்கல, ஸ்பூன் கேட்டு வாங்கினா. அந்த ஒருத்தி நான்தான்னு கரூர்க்காரி இன்னைக்கு ஒத்துக்கிட்டா. 86ல மன்னார் வளைகுடா தீவுகளை தேசியப் பூங்காவாக்கிட்டாங்க, இனி தோண்டுறதெல்லாம் நினைக்கவே கூடாது, நல்லதுதான்.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப்பொங்கல்

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது, 2015லருந்து வருஷா வருஷம் நடக்குற விஷயம், நாங்க சேர்றது இதுதான் முதல் தடவை. குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்ன இடத்துல பாத்ததை எல்லாம் எண்ணி இபேர்ட்ங்கிற பறவைக் கணக்கு ஆப்ல ஏத்தணும். மொட்டைமாடி போதும், படி ஏற முடியாதவங்களுக்கு வாசல் போதும், அதனாலதான் இதை எடுத்தோம். எல்லாருக்கும் ஒரே நேரம் காலைல ஏழு மணி. தூத்துக்குடி, தேனி, கரூர், திண்டுக்கல், சிவகாசி, ஆளாளுக்கு அவங்கவங்க வீட்லருந்து. நியூஜெர்சிக்காரி மட்டும் பனிக்குள்ள ஜன்னல்லருந்து அவ நேரத்துக்கு எண்ணி, சிவப்பா ஒண்ணு வந்துச்சு கார்டினல்னு பேத்தி சொல்றான்னு போட்டோ அனுப்பினா. அதைப் பொங்கல் கணக்குல சேக்க முடியாதுடின்னதுக்கு கோவம்.

என் மாடில தையல்சிட்டு, மைனா, தவிட்டுக்குருவி கூட்டம், கிளி. பொங்கல் வச்ச எடத்துல காக்கா எக்கச்சக்கம். சிவகாசிக்காரி லிஸ்ட்ல காக்கா 140. எப்படிடின்னா, வந்த காக்காவே திரும்பி வந்தா அதையும் எண்ணிருக்கா. கரூர்க்காரி அஞ்சே அஞ்சு இனம்தான் அனுப்பினா, ஆனா நேத்தும் இன்னைக்கும் ரெண்டு வேளையும் லிஸ்ட் போட்டவ அவ ஒருத்திதான்.

வியாழக்கிழமை காலுக்கு விஷயம் ரெடி: சிவகாசியோட காக்கா கணக்கு, இன்னும் கிடைக்காத நாலு பேர்ல ஒருத்தி போடிநாயக்கனூர்ல இருக்கிறதா தேனிக்காரிக்கு வந்த தகவல், அப்புறம் மார்ச் ரெண்டாவது ஞாயிறு அமெரிக்காவுல மறுபடியும் கடிகாரத்தை மாத்துவாங்க, அதுக்கு இப்பவே நேரத்தைப் பேசி வச்சுக்கணும்.