மச்சான் கொடுத்த பைக்

இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கும் மச்சான் போன மாசம் பெங்களூர் அல்சூருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். "பைக்குக்கு வாங்கினது மாப்ளே" என்றார்.

சமையலறையிலிருந்து வீட்டுக்காரி குரல்: "ஏற்கெனவே ஒண்ணு ஸ்டார்ட் ஆகாம வாசல்ல நிக்குது."

இந்தப் பைக் அங்கத்து ஆற்று மீனாம். முதலை மூஞ்சி. நம்ம விரால் மாதிரியே விழுந்த மரம், செடி என்று ஒளிந்து நின்று பாயும். வாய்க்குள் நூற்றுக்கணக்கில் பல், பெரும்பாலும் உள்பக்கம் சாய்ந்தவை. தூண்டில் நரம்பை நறுக்கிவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஒரு முழம் கம்பி கட்டாமல் இறங்கக் கூடாதாம். பெட்டியில் அதை ஏமாற்ற ஆறு பிளாஸ்டிக் மீன்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் மூன்று முனை முள் இரண்டு. விலை கேட்டேன். "ரூபாய்ல மாத்திப் பாக்காதே" என்றார்.

"தூண்டில் கனத்துக்குச் சின்ன ஈயக்குண்டெல்லாம் போடாதே. முழுங்கி அன்னம் சாகுதுன்னு அங்கே 1987லயே தடை பண்ணிட்டாங்க."

நான் மீன் பிடிக்கும் கனகபுரா பக்கம் அன்னத்துக்கு நான் எங்கே போவேன்? தலையை மட்டும் ஆட்டினேன்.

ஞாயிறு காலை அர்க்காவதிக் கரை. நந்திமலையில் புறப்பட்ட ஆறு, சங்கமத்தில் காவிரியைச் சேர்வதற்குள் வழியில் உள்ள மூங்கில், மட்டை, பழைய சேலை அத்தனையையும் வாரிப்போட்டு வைத்திருக்கிறது. முதல் வீச்சிலேயே வெடுக்கென்று இழுத்தது. ஆஹா! அரை நிமிஷம் போராடினேன். மீன் அசையவில்லை. ஆறு அசைந்தது, மீன் அசையவில்லை.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பொடியன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்: "அல்லி மர இதெ அண்ணா." அங்கே மரம் இருக்காம். இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?

பின்னல் நரம்பு முப்பது பவுண்டு தாங்கும், கம்பி அதற்கு மேல். மரம் என்னையும் சேர்த்துத் தாங்கும். கையில் சுற்றி இழுக்காதே, குச்சியில் சுற்று என்று மச்சான் படித்துப்படித்துச் சொல்லியிருந்தார். சுற்றினேன், கையில்தான். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு, அப்புறம் 'டப்', அப்புறம் என் பின்பக்கம் சேற்றில்.

இரண்டாவது மீன் மூங்கிலுக்கு. மூன்றாவது எதற்கு என்று தெரியவில்லை. நாலாவது தண்ணீருக்கே போகவில்லை, எதிர்க்கரைப் புளியமரத்தில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். மிச்ச இரண்டையும் பற்றிப் பேச விருப்பமில்லை.

பொடியன் இதற்குள் நாலு ஜிலேபிக் கெண்டை பிடித்துவிட்டான். அவன் கருவியை அப்போதுதான் கிட்டேபோய்ப் பார்த்தேன். குண்டுக்குப் பதில் மெக்கானிக் கடையில் தூக்கிப்போட்ட ஸ்பார்க் பிளக். முள் தடித்த தங்கூசி நரம்பில். பிளக் மட்டும் தையல் நூலில். சிக்கினால் நூல் அறும், பிளக் போகும், முள்ளும் மீனும் கரைக்கு வரும். மச்சான் வந்திருந்தபோது ஒரு ராத்திரி காகிதத்தில் படம் போட்டு, முக்கால் மணி நேரம் எனக்கு விளக்கியதும் இதே சூட்சுமம்தான். ஸ்பார்க் பிளக்கை அன்னமும் முழுங்காது.

கிளம்பும்போது பொடியன் காலிப் பெட்டியைக் கேட்டான். புழு வைக்கவாம். கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது மச்சானிடமிருந்து வாட்ஸாப்: "எத்தனை மாட்டுச்சு?"

"ஆறு" என்று போட்டேன்.

கைதட்டல் வந்துகொண்டே இருக்கிறது.